மூன்றாம் மாடியில் நடந்ததைச் சொல்லிவிட்டேன்

அன்பு மகன் செம்பியனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் மாடி மாடியாக ஏறி ஏசி மாட்டுகிற உன் உடம்புதான் எங்களுக்குக் கவலை. அப்பாவின் ஆட்டோவுக்கு எஃப்சி எடுத்தாகிவிட்டது. போனில் பேசாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் என்றால் நீ நடுவில் கத்துவாய், நான் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும். யார் மூலமாவது அரைகுறையாக உன் காதில் விழுவதற்கு முன் நானே சொல்கிறேன், முழுசாகப் படி.

தி.நகர் புடவைக் கடையில் எங்கள் மூன்றாம் மாடி மேனேஜர் சுவாமிநாதனை உனக்குத் தெரியும், நீ வெளிநாடு கிளம்பியபோது கை குலுக்கி வாழ்த்தியவன். போன ஆடித் தள்ளுபடியில் ஸ்டாக் எடுத்து வர என்னை அதே மாடிக் குடோனுக்கு அனுப்பிவிட்டுப் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினான். என் வாயைப் பொத்திக்கொண்டு உடம்பெல்லாம் கை வைத்தான். அவன் கையைக் கடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். "சொல்லிப் பாரு, இந்த வயசுல உன்ன யாரு நம்புவாங்க" என்று சிரித்தான். வேலை போய்விடும் என்ற பயத்தில் ஒரு வருஷம் அவன் கண் முன்னாலேயே புடவை விரித்துக் காட்டிக்கொண்டு நின்றேன், அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

இந்த ஆடியில், பக்கத்து கவுண்டரில் சுடிதார் பார்க்கிற அமீனா பீ குடோனிலிருந்து ஓடி வந்தாள், அவள் சட்டைக் கை கிழிந்திருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை, எனக்கும் அங்கேதான் நடந்தது என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு, "நாம இன்னா தப்பு பண்ணோம்க்கா, இன்னாத்துக்கு ஒளிஞ்சிக்கினு கீறோம்" என்றாள். அப்போதே இரண்டு பேரும் முதலாளியிடம் போனோம். தள்ளுபடி நேரத்தில் கடை பேர் கெட்டுவிடும், உங்களைக் கீழ் மாடிக்கு மாற்றிவிடுகிறேன் என்றார். மாற வேண்டியது நாங்களா சார் என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொன்னேன். "இம்மா நாளும் தனியாவா சொமந்துகினு இருந்த" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் அவர்தான் எங்களை மகளிர் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். கடையில் பெண்களுக்கான புகார்க் குழுவே இல்லாததால் கலெக்டர் ஆபீஸ் குழுவிடமும் மனு கொடுத்தோம். அந்தக் குழுவின் தலைவி மேடம் விசாரித்தபோது சுவாமிநாதன், ஒரு வருஷம் இவள் ஏன் சும்மா இருந்தாள் என்று கேட்டான். "பயந்துகினு இருந்தேன் மேடம், இப்ப பயம் இல்ல, எழுதிக்கோங்க" என்று அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவன் நல்லவன் என்று சாட்சி சொல்ல முதலாளி கூட்டி வந்திருந்த கேஷியர் சரோஜாதேவி, நாற்காலியை விட்டு எழுந்து, "மேடம், எனக்கும் நடந்துது" என்றாள்.

அவனை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள், கைதாகி இப்போது ஜாமீனில் இருக்கிறான், வழக்கு சைதாப்பேட்டை கோர்ட்டில் நடக்கும், எத்தனை தடவை கூப்பிட்டாலும் போய்ச் சொல்வேன். கடையில் சிலர் இன்னும் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அதே மாடியில்தான் வேலைக்கு நிற்கிறேன். நீ லீவு போட்டு ஓடி வராதே, அவன் பெண்டாட்டி பிள்ளைகளைத் திட்டி யாருக்கும் மெசேஜ் போடாதே, அவர்கள் என்ன செய்தார்கள். உன் வேலையிடத்தில் எந்தப் பெண்ணாவது இப்படி ஒன்று சொன்னால், அங்கே ஏன் போனாய் என்று மட்டும் கேட்டுவிடாதே. நேற்று பஸ் ஸ்டாண்டில் வேறு கடைப் பெண் ஒருத்தி வந்து, நாங்கள் மனு கொடுத்த ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டாள். திங்கட்கிழமை அவளோடு நானும் போகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி, நோய் நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். யாராவது உன்னிடம் இதைப் பற்றிக் கேட்டால் தலை குனியாதே. ஆமாம், அது எங்கள் அம்மாதான் என்று சொல்.

உன் அம்மா,
பொ. தாயம்மா