பதினெட்டாம் வார்டில் உன் ஓட்டு

சித்தூர்
பங்குனி 12

அன்பு மகன் ஹரிபாபுவுக்கு அப்பா துலுக்காணம் எழுதிக்கொள்வது. கங்கம்மா தாயார் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், குவைத்து வெயிலில் உன் உடம்புக்கும் ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான், வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் பஸ்ஸில் உட்கார முடியாது என்கிறாள். உன் தங்கை தேன்மொழிக்கு இது ஏழாம் மாதம், சித்திரை பிறந்ததும் சத்தியவேட்டிலிருந்து அழைத்து வர வேண்டும். எனக்குச் சலிப்புதான், வேறு நோய் இல்லை. போன் பூத்தில் பத்துப் பேர் நடுவில் சொல்கிற சங்கதி அல்ல, அதனால் எழுதுகிறேன்.

முனிசிபாலிடி தேர்தல் முடிந்தது. நம் பதினெட்டாம் வார்டில் என் கூட்டாளி கன்னையா ஒன்பது ஓட்டில் ஜெயித்தான். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நமக்கு வார்டே கிடையாது, கால்வாய்க்கு அந்தப் பக்கம் டவுன், இந்தப் பக்கம் நாம், குப்பை கொட்ட மட்டும் டவுன்காரர்கள் இங்கே வருவார்கள். எண்பத்தேழில் டவுன் எல்லையை நீட்டினபோது, உங்களிடம் தலை போதாது, பெரிய தெருவோடு சேர்த்துவிடுகிறோம் என்றார்கள். சேர்த்தால் நம் பேச்சு எங்கே எடுபடும். நானும் கன்னையாவும் பதினோரு நாள் கூலிக்குப் போகாமல் குடிசை குடிசையாக நுழைந்து பெயர் எழுதினோம், கதவே இல்லாத வீட்டுக்கு நம்பர் ஏது, சுண்ணாம்பில் நாங்களே சுவரில் போட்டோம். அப்படித்தான் இந்த வார்டு வந்தது. தொண்ணூற்றைந்தில் பெண்களுக்கு ஒதுக்கினார்கள், துணி வெளுக்கிற கமலம்மா நின்று ஜெயித்தாள். மீட்டிங்குக்கெல்லாம் புருஷன்தான் போனான் என்று ஊர் சிரித்தது, ஆனால் காலிக் குடத்தோடு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து குழாயைக் கொண்டுவந்தது அவள்தான்.

இப்போது குழாய் இருக்கிறது, ஆள்தான் இல்லை. வயசுப் பிள்ளைகளில் பாதி உன்னைப் போல குவைத்தில், மீதி பெங்களூரில் கட்டட வேலையில். பட்டியலில் மட்டும் எல்லாரும் இருக்கிறீர்கள். பெயர் குறைந்தால் வார்டைப் பிய்த்துப் பக்கத்தில் ஒட்டிவிடுவார்கள் என்று பயந்து, யார் பெயரையும் எடுக்கவேண்டாம் என்று நாங்களே சொல்லிவைத்தோம். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை.

கன்னையாவுக்கு ஏஜென்டாகப் பள்ளிக்கூடத்தில் காலை ஏழு மணியிலிருந்து நான் உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணிக்கு ஒருவன் சீட்டை நீட்டி, பெயர் ஹரிபாபு, தகப்பன் பெயர் துலுக்காணம் என்றான். எனக்கு ஒரு முழம் தூரத்தில் நின்று சொல்கிறான். ரேணிகுண்டா ஒர்க்‌ஷாப்பிலிருந்து நாலைந்து பேரை, ஊரில் இல்லாதவர்கள் பெயரில் ஓட்டுப் போட, கன்னையா வேனில் இறக்கியிருக்கிறான், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கன்னையாவை எதிர்த்துப் போட்டியிட்ட கன்ட்ராக்டரின் ஏஜென்ட் எழுந்து, இவன் அவனில்லை, கள்ள ஓட்டு என்று கத்தினான். அதிகாரியாக வந்தவர் திருப்பதிப் பக்கத்து வாத்தியார், என் ஏஜென்ட் சீட்டில் பெயரைப் பார்த்துவிட்டு, தகப்பன் நீங்கள்தானே, இவர் மீ அப்பாயேனா, உங்கள் பையன்தானா என்று கேட்டார். அந்தப் பிள்ளைக்கு நெற்றியெல்லாம் வியர்வை. நான், ஆமா சார், எம்புள்ளதான், முந்தாநேத்துதான் வந்தான் என்றேன். பெற்றவனே சொன்ன பிறகு யார் என்ன பேசுவது. விரலில் மை வைத்தார்கள், ஓட்டைப் போட்டான், வெளியே போகும்போது என்னிடம் குனிந்து, வர்றேன் நைனா என்று சொல்லிவிட்டுப் போனான்.

அரை மணி நேரம் ஆகவில்லை, உன் அம்மா வந்துவிட்டாள். குழாயடியில் யாரோ, உன் புள்ள வந்துக்கீறானாமே என்று சொல்லியிருக்கிறார்கள். முட்டிவலிக்காரி கால்வாயைச் சுற்றி ஓடிவந்து, வரிசையில் நிற்கிற ஒவ்வொரு பையன் முகமாகப் பார்க்கிறாள். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னாய்யா, ஊருக்கெல்லாம் சொன்னியே, எங்கிட்ட சொல்லக்கூடாதா, எங்கய்யா அவன் என்று கேட்டாள். நான் எழுந்து போய் அவளை வீட்டுக்கு அழைத்து வந்தேன், மத்தியானத்துக்கு மேல் ஏஜென்ட் நாற்காலி காலிதான். அன்றிலிருந்து சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

கன்னையா மாலையோடு வீட்டுக்கு வந்து, நீ சொன்ன ஒரு சொல்லுலதான் நம்ம வார்டு நின்னுக்கினு இருக்குது என்று கையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்காகச் சொன்னதாக நினைக்கிறான். அவனுக்காகவும் இல்லை, வார்டுக்காகவும் இல்லையப்பா. நீ போய் ஆறு வருஷம், யார் கேட்டாலும் அடுத்த மாதம் வருகிறான் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். அத்தனை பேர் முன்னால், என் மகன் இந்த ஊரில் இல்லை என்று சொல்ல என் வாய்க்கு வரவில்லை. செய்தது தப்புதான், எனக்கே வெட்கமாக இருக்கிறது.

வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் வேலைக்குப் போகாதே. வேளைக்குச் சாப்பிடு. தாயார் உனக்கு நீண்ட ஆயுசும் நல்ல புத்தியும் தரட்டும். ஆடி மாதம் பெயர்ப் பட்டியல் திருத்த வருகிறார்களாம், அதற்குள் ஒரு வரி எழுது, வருவாயா மாட்டாயா என்று. வரவில்லை என்றால் கோபித்துக்கொள்ள மாட்டேன், பெயரை அடிக்கச் சொல்லிவிடுவேன். கடிதத்தை உன் அம்மா பெயருக்கே போடு, நீயே அவளுக்குச் சொன்னதாக இருக்கட்டும். இந்தத் தடவை அவளிடம் நான் எதுவும் சொல்வதாக இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
கூ. துலுக்காணம்