ஆய்வில் சேராத நெருப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆண்டவர் தயவில் நலம். உங்கள் மூட்டுவலி எப்படி?

ஆதிமனிதர் போல, கல் தட்டிய பொறியில் ஈர விறகை மூட்டி, அடியில் வெந்த மண்ணை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதானே என் படிப்பு. மற்றவர்கள் மணிக்கணக்கில் திணற, நான் ஐந்தே நிமிடத்தில் மூட்டினேன். “மெதுவா ஊதுலா” என்று நம்மூர் லூபோக் சீனாவில் உங்கள் இடியாப்ப அடுப்பில் நீங்கள் பழக்கிய வாய். பேராசிரியரோ, “உனக்கு முன்பழக்கம் இருக்கிறது, ஆய்வுக்கு ஆகாது” என்று நான் ஓராண்டாகச் சேர்த்த மண் மாதிரிகளையும் நீக்கிவிட்டார்.

சனிக்கிழமை எங்கள் துறை விருந்தில் கோழி சுடக் கரி பற்றவில்லை. உடனே என்னைத்தான் கூப்பிட்டார்கள். மூட்டிக் கொடுத்தேன்.

கவலைப்படாதீர்கள். நெத்திலி சம்பல் அனுப்புங்கள், பழைய ஊதாங்குழலையும். சும்மா மேசையில் கிடக்கட்டும்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. பேராசிரியரிடம் ஒன்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை: ஆதிமனிதருக்கு அம்மாவே கிடையாதா?

மகள்,
அகதா