அறுபத்தேழு வயது இரத்தம்

14 ஜனவரி, செவ்வாய்
திராமன் நகரிலிருந்து கோபிகா போன் எடுத்தாள். அண்ணனின் மகள். அண்ணனுக்கு இரத்தப் புற்றுநோயாம். கூடப்பிறந்தவனின் எலும்பு மச்சை பொருந்தக்கூடுமாம். "சித்தப்பா, ஒருக்கா வந்து இரத்தம் குடுத்துப் பாருங்கோ." போனை வைத்துவிட்டேன்.

15 ஜனவரி
"இன்னும் அந்தக் கோவமோ உங்களுக்கு?" என்கிறாள் என் மனைவி பூரணி. ஓம், இன்னும்தான். தொண்ணூற்றாறில் ஊரில் அம்மா செத்த செய்தி முதலில் அண்ணனுக்குத்தான் வந்தது. என் கலியாணம் குழம்பிவிடும் என்று ஒன்பது நாள் மறைத்தார். அம்மாவை எரித்து முடித்துவிட்டார்கள். நான் இஞ்சை, இந்தக் குளிர்தேசத்தில், மாலையோடு நின்று படத்துக்குச் சிரித்தேன். பக்கத்தில் அவரும் சிரித்தார். பாவி!

23 ஜனவரி
போகமாட்டேன்.

3 பெப்ரவரி
போனேன். அவருக்காக இல்லை. தம்பியின் இரத்தத்தில்தான் உயிரோடிருக்கிறேன் என்று அவர் தினமும் குறுகட்டும். ஸ்டோவ்னர் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ரயிலில் போகையில் அந்த நினைப்பு இனித்தது. சீ, என்ன மனிசன் நான்?

20 பெப்ரவரி
முழுதாகப் பொருந்துகிறதாம். ஆனால் வேண்டாமாம்!

டொக்டர், என் மகள் வயதிருக்கும், பொறுமையாக விளக்கினாள். உடம்பில் நாளும் பிழையான கலங்கள், அதாவது செல்கள், உண்டாகுமாம். எதிர்ப்புக் கலங்கள் தேடி அழிக்குமாம். வயது போக அந்தக் காவல் தளரும். முதியவர்களைப் புற்றுநோய் அதிகம் பிடிக்க அதுவும் ஒரு காரணம். அண்ணனுக்குள் மிஞ்சும் நோயை ஏற்றுகிற கலங்கள்தான் அழிக்கவேண்டும்; அதற்கு இளம் கலங்கள் நல்லது. என்னுடையவை கிழடு. ஜேர்மனியில் இருபத்துநாலு வயதுக்காரி ஒருத்தி பொருந்தியிருக்கிறாள்.

அதோடு விட்டாளா? என் இரத்தத்திலும் சில கலங்கள் மாறத் தொடங்கிவிட்டனவாம். நோய் இல்லை, இந்த வயதில் பலருக்கும் உண்டு, ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும்.

ஆரைக் கேட்டுத் தொடங்கினது? கொடுக்கப் போனவனுக்கு இதுவோ கூலி?

21 பெப்ரவரி
பூரணிக்குச் சொல்லவில்லை. ஏன் அவளையும் பயப்படுத்த வேணும்?

1 ஏப்ரல்
ஆஸ்பத்திரியில் அண்ணனைப் பார்த்தேன். எனக்கு முகமூடி, கையுறை. அவர் தலையில் ஒரு மயிர் இல்லை. திட்டத்தான் போனேன். வாயில் வந்ததோ என் இரத்தத்தின் கதை.

"பூரணிக்குச் சொல்லிப்போட்டியோ?"

"இல்லை."

"இண்டைக்கே சொல்லு." அவருக்கு மூச்சு வாங்கியது. "நான் செய்ததைச் செய்யாதையடா."

மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. புத்தி சொல்ல இவர் ஆர்? எழுந்து வந்துவிட்டேன்.

2 ஏப்ரல்
சொன்னேன். "எத்தினை நாளாத் தெரியும்?" என்றாள் பூரணி. நாற்பத்தொரு நாள் என்றேன். காலையிலிருந்து முகம் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அண்ணனுக்கு அந்த ஜேர்மனிப் பெண்ணின் கலங்களை ஏற்றுகிறார்கள். கோபிகாவை வேலைக்குப் போகச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவர் பக்கத்தில் நான் இருப்பேன்.