சர்க்கரை ஜாடியில் பென்சில் கோடு

ஜனவரி 14, செவ்வாய்

காலையில் ரத்தச் சர்க்கரை 9.1. ஏழுக்குள் வர வேண்டுமாம். கருவி மேலேயே எனக்குச் சந்தேகம். மூன்று விரலில் குத்தினேன், மூன்று விதமாகச் சொல்கிறது.

சாப்பாட்டிலும் நடையிலும் இறங்குகிறதா பார்ப்போம், மூன்று மாதம், இல்லாவிட்டால் மாத்திரைதான் என்று நர்ஸ் லிவ் சொல்லிவிட்டார். அப்பாவும் ஒரு மாத்திரையில்தான் ஆரம்பித்தார். ஊசிக்குப் போய், கடைசியில் ஒரு காலை எடுத்தார்கள். பயமாக இருக்கிறது.

ஜனவரி 23, வியாழன்

ஜாம் கிடையாது. காபியோடு பன் கிடையாது. உருளைக்கிழங்கு இரண்டே இரண்டு. லிவ் கொடுத்த தாளில் சீஸ் சாப்பிடலாம் என்று இருப்பதால் வயிறு தப்பித்தது.

தினமும் குன்றின் மேல் இருக்கும் செல்போன் கோபுரம் வரை பனிச்சறுக்கு. மேலே உட்கார்ந்து ரொட்டியில் பழுப்பு சீஸை அடுக்கித் தின்பதுதான் மிச்சமிருக்கும் ஒரே சந்தோஷம்.

இன்று 9.4. இவ்வளவு செய்தும் ஏறுகிறதென்றால்?

பிப்ரவரி 4

9.6. எடை மட்டும் இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. ஆக, உழைப்பது நான். கெடுப்பது வேறு யாரோ.

வீட்டில் ரொட்டி சுடுவது என் மனைவி ஹெர்டிஸ். மாவில் சிரப் ஊற்றுவாள், ஊரே அந்த ரொட்டியைப் புகழும். இப்போது ஊற்றுவதில்லை என்கிறாள். ஆனால் நான் சமையலறைக்குள் போனால் திரும்பி நின்றுகொள்கிறாள். எதற்கு?

சர்க்கரை ஜாடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கோட்டுக்குக் கீழே இரண்டு விரற்கடை இறங்கியிருக்கிறது.

கேட்டேன். பாட்டுக் குழுவுக்குப் பணம் திரட்டும் விற்பனைக்கு கேக் செய்தாளாம். நல்ல சாக்கு. ரொட்டியில் போட்டதை ஒத்துக்கொள் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"முப்பத்தேழு வருஷமா உங்களுக்கு ரொட்டி சுட்டுப் போடுறேன். இப்ப நான் உங்களுக்கு விஷம் வைக்கிறேனா?"

இல்லை என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ?

பிப்ரவரி 17

ஒன்பது மணி பஸ்ஸில் ஓலசுந்த் ஊரிலுள்ள தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். போகட்டும். இனி வண்டவாளம் தெரிந்துவிடும்.

பிப்ரவரி 24, திங்கள்

மாவு நான் அளந்தது. ரொட்டி நான் சுட்டது, செங்கல் மாதிரி. வீட்டில் வேறு ஆள் இல்லை.

9.9.

இப்போது யாரைச் சொல்வது?

பிப்ரவரி 27, வியாழன்

லிவ் ஒரு நாள் சாப்பாட்டை ஒன்று விடாமல் சொல்லச் சொன்னார். சொன்னேன். சீஸ் எத்தனை துண்டு என்றார். காலையில் நாலு, மலையில் நாலு, சாயங்காலம் ஒரு மூன்று.

"என்ன சீஸ்?"

பழுப்பு சீஸ், வேறென்ன. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பால் திரிஞ்ச தண்ணியைச் சுண்டக் காய்ச்சித்தானே அதைச் செய்யறாங்க? பாலோட சர்க்கரை பூரா அதுலதாங்க நிக்குது. ஜாமை விட்டுட்டு மிட்டாயைப் பிடிச்சிருக்கீங்க."

தித்திக்கத்தான் செய்யும், தெரியும். பிறந்தது முதல் தின்கிறேன். ஆனால் அதன் பெயர் சீஸ் ஆயிற்றே! தாளில் வெள்ளை சீஸ் என்று எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா?

இல்லை. தாள் என்ன செய்யும்? தாள் மேலேயும் பழி போடப் பார்க்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 28

ஹெர்டிஸுக்குப் போன் செய்தேன். எல்லாம் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள்.

மார்ச் 19

7.3. நம்பாமல் இன்னொரு விரலில் குத்தினேன். 7.2.

ஏப்ரல் 29, செவ்வாய்

காலையில் 6.2. ரத்தப் பரிசோதனையும் நன்றாக இருக்கிறதாம். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம் என்று லிவ் கை குலுக்கினார். வழியெல்லாம் ஓட்டமாக வந்து ஹெர்டிஸிடம் சொன்னேன். ரொம்ப சந்தோஷம் என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள்.

திரும்பி வந்ததிலிருந்து அவள் ரொட்டி சுடவில்லை. கடையில் வாங்குகிறாள். தயிர், ரொட்டி, மீன், எந்தப் பாக்கெட்டையும் அவள் பிரிப்பதில்லை. இன்று, இந்த நல்ல நாளிலாவது ஒரு ரொட்டி சுடேன் என்று கெஞ்சினேன்.

"கோபமெல்லாம் இல்லீங்க. நீங்களே பிரிச்சுச் சாப்பிடுங்க. எனக்கு அதுதான் நிம்மதி."

பாக்கெட்டை என் முன்னால் வைத்தாள், பக்கத்தில் கத்தரிக்கோலையும். பிரித்தேன். அவளுக்கும் இரண்டு துண்டு எடுத்து வைத்தேன்.