மண்ணுக்கு லீவு

செப். 3, திங்கள்
மழை பேருக்குக்கூட இல்லை. புழுக்கம். உப்புமாவில் உப்பு இரண்டு தடவை.

செண்பகம் என்னை டில்லியில் விட்டுவிட்டுத் தன் அப்பா ஊருக்குப் போய் ஐந்து மாதம். மாமனார் இடுப்பொடிந்து படுக்கை. அவருடைய இரண்டு ஏக்கர் கரிசலை இவள்தான் பார்க்கிறாள். கடிதத்தில் எனக்கு ஒரு வரி, மண்ணுக்கு இரண்டு பக்கம். நாற்பத்தெட்டு வயதில் எனக்கொரு போட்டி, அதுவும் இரண்டு ஏக்கர் அகலத்தில்.

குழாயடியில் பக்கத்து வீட்டு மீனாட்சியம்மாள்: “என்ன சார், வீட்டம்மா இன்னும் வரலே? சண்டையா?”
“அச்சா, அப்படியே வச்சுக்குங்க.”
இந்நேரம் சண்டைச் சேதி கோல் மார்க்கெட் முழுக்கப் போயிருக்கும்.

செப். 5, புதன்
ஆபீஸில் ஓர் அறிக்கை டைப் அடித்தேன். மழையை நம்பும் மானாவாரிக்காரன் வருஷம் தவறாமல் விதைத்து மண்ணை உறிஞ்சிவிடுகிறானாம். ஒரு வருஷம் தரிசாக விட்டால் ஆறுமாம். விடாததற்குக் காரணம், அறியாமையாம்.

உடனே ஒரு திருட்டு யோசனை. நிலம் தரிசென்றால் அவளுக்கு அங்கே என்ன வேலை? அப்பாவையும் கூட்டிக்கொண்டு ரயிலேறலாமே.
இன்லண்ட் லெட்டர் வாங்கி எழுதினேன். ‘மண் ஆற வேண்டும், சர்க்காரே சொல்கிறது.’ மூன்று அடிக்கோடு. விஞ்ஞானி நான்.

செப். 10, திங்கள்
தபால் இல்லை. பால் பொங்கி அடுப்பு அணைந்தது. என்னை யாராவது திட்டி ஐந்து மாதம்; காதே மந்தம்.

செப். 18, செவ்வாய்
வந்தது! அப்படியே எழுதி வைக்கிறேன்:

“மண்ணு ஆறணும்னு எழுதியிருக்கீக. வயிறும் ஒரு வருசம் ஆறுமான்னு ஆபீஸ்ல கேட்டுச் சொல்லுங்க. உரத்துக்கு ராத்திரி ஆட்டுக்கிடை போட்டாச்சு, புழுக்கை நல்லா விழுந்திருக்கு. கிடைக்காரகளுக்குச் சோறு, எங்களுக்குக் கஞ்சி. இந்தத் தடவை பருத்தி இல்ல, உளுந்து. உளுந்து போடுற வருசந்தான் எங்க மண்ணுக்கு லீவு. நீங்க மண்ணுக்காக எழுதலன்னு தெரியும். எனக்கும் அப்பிடித்தான் இருக்கு. கார்த்திகையில களையெடுக்க ஆளில்ல.”

‘எனக்கும் அப்பிடித்தான்.’ நாலு தடவை படித்தேன். ஐந்து.

செப். 19, புதன்
லீவு விண்ணப்பம். நவம்பர் பாதியிலிருந்து இருபது நாள். காரணம்: மனைவிக்குக் காய்ச்சல்.
சூப்பிரண்டு இந்தியில் கேட்டார்: “நவம்பர்ல வரப்போற காய்ச்சல் இப்பவே தெரியுமா, பாயி?”
காய்ச்சலை அடித்துவிட்டு, ‘களையெடுக்க’ என்று எழுதினேன். என் தொப்பையைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து, களையெடுப்பவர்கள் உட்காருகிற மாதிரி தரையில் குந்திப் பார்த்தேன். எழுந்திருக்கச் சுவர் தேவைப்பட்டது. அங்கே சுவர் கிடையாது.