வராதவர் பட்டியல்

ஜூன் 18

பள்ளிக்கூடம் கொடுத்த நோட்டில் சொந்தக் கதை எழுதுவதற்கு முதலில் ஒரு மன்னிப்பு. மாணவர் குறிப்புகளுக்கென்று ஆறு நோட்டுகள் கொடுத்தார்கள். ஆறும் காலி. ஆலோசகரான என்னைத் தேடி வரப் பிள்ளைகளுக்கு நேரமில்லை. அப்படியே வந்தாலும் ஆலோசகர் அறையில் இல்லை. லீவு போட்ட ஆசிரியர்களுக்குப் பதிலாக இன்று மட்டும் நான்கு பீரியட் வகுப்பில் உட்கார்ந்தேன். அதில் ஒன்று வேதியியல். எனக்கும் வேதியியலுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பிள்ளைகள் ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

வீட்டில் அண்ணன் ஆரம்பித்தான். "பேசறதுக்குச் சம்பளமா? எங்க ஒர்க்‌ஷாப்ல எல்லாரும் ஓசியிலயே பேசறாங்க." அம்மா அவனை முறைத்தாள். ஆனால் பக்கத்து வீட்டில் அவள் என்னை "டீச்சர் மாதிரி" என்றுதான் சொல்லிவைத்திருக்கிறாள். இந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். என்ன வேலை பார்க்கிறேன் என்று பெற்ற தாய்க்கே விளக்கத் தெரியவில்லை.

ஜூன் 25

இன்று ஒருத்தி தானாக வந்தாள். பதினொன்றாம் வகுப்பு. உயரம், ஒல்லி. தோழிகள் பென்சில் என்று கூப்பிடுகிறார்களாம். "நீங்களும் அப்படியே கூப்பிடுங்க மிஸ். நிஜப் பேரைச் சொன்னா திட்டப் போறாங்கன்னு தோணுது."

இருபது நிமிடம் என் மின்விசிறியின் சத்தத்தைப் பற்றியே பேசினாள். நானும் அதைப் பற்றியே பேசினேன். மணி அடித்ததும் எழுந்து, "அடுத்த வாரம் இருப்பீங்களா, இல்ல கெமிஸ்ட்ரி எடுக்கப் போயிடுவீங்களா?" என்றாள்.

இருப்பேன் என்றேன்.

ஜூலை 2

சொல்லிவிட்டாள்.

பெற்றோர் பிரிந்து இரண்டு வருடமாகிறது. அம்மா தையல் கம்பெனி ஒன்றில் வேலை. பேருந்தில் ஒரு மணி நேரத் தூரம். போய்ப் பார்க்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. இவள் மாதத்தில் ஒரு நாள், அம்மாவுக்கு லீவு கிடைக்கும் நாளில், சீருடை போட்டுக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு, பள்ளிக்குக் கிளம்புவது போலவே கிளம்பி அங்கே போய்விடுகிறாள்.

"வேற ஒண்ணும் இல்ல மிஸ். அம்மா தலை வாரி விடுவாங்க. நான் தூங்குவேன். அவ்வளவுதான். யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?"

மாட்டேன், கதவிலேயே எழுதியிருக்கிறதே என்றேன். அப்பாவிடம் ஒருநாள் நானே முறையாகப் பேசிப் பார்க்கட்டுமா என்றும் கேட்டேன். பரீட்சை முடியட்டும் என்றாள். போகும்போது படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள். படித்த படிப்புக்கு இன்றுதான் வேலை செய்தேன்.

ஜூலை 9

தலைமையாசிரியை கூப்பிட்டார். நிர்வாகக் குழு அடுத்த மாதம் கூடுகிறதாம். ஆலோசகர் பணியிடம் தேவையா என்று பார்க்கப் போகிறார்களாம். "நீங்க உள்ள உக்காந்து என்ன செய்யறீங்கன்னு என்னால காட்ட முடியாதும்மா. எண்ணிக் காட்டற மாதிரி ஒரு வேலை உங்க கையில இருந்தா எனக்குப் பேச வசதியா இருக்கும்."

ஆகவே நாளை முதல், பள்ளிக்கு வராத பிள்ளைகளின் வீட்டுக்குக் காலையில் போன் செய்ய வேண்டியது நான். இதுவரை கிளார்க் நேரம் கிடைத்த நாட்களில் மட்டும் செய்துவந்தார்.

எனக்கும் இதற்கும் ஒத்துவராது என்று சொல்ல வாயெடுத்தேன். "ரொம்ப நல்லது மேடம்" என்று வந்தது. என் வாயிலிருந்துதான்.

ஜூலை 10

முப்பத்தொரு அழைப்புகள். பட்டியலில் பெயர் கிடையாது. வகுப்பு, வரிசை எண், வீட்டுப் போன் நம்பர், அவ்வளவுதான். பெயரும் போட்டால் ஒரே தாளில் அடங்காது என்கிறார் கிளார்க். எனக்குப் பிள்ளைகளை முகத்தை வைத்துத்தான் தெரியும்.

ஜூலை 17

காய்ச்சல், காய்ச்சல், சித்தப்பா கல்யாணம், காய்ச்சல். ஒரே சித்தப்பாவுக்கு இந்த வாரத்தில் இரண்டாவது கல்யாணம்.

ஜூலை 24

பதினொன்று ஆ, முப்பத்தெட்டு.

போன் போட்டேன். ஓர் ஆண் குரல். பள்ளி கவுன்சலர் பேசுகிறேன், உங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கு வரவில்லை என்று தாளில் இருந்ததை வாசித்தேன்.

"காலையிலயே கிளம்பிட்டாளே?"

இது பென்சில் வீடு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் மெதுவாகக் கேட்டார். "அவங்க அம்மாவைப் பாக்கப் போயிருக்காளா?"

தெரியாது என்று ஒரு வார்த்தை. பொய்தான் — சொல்லியிருக்கலாம். அல்லது அதைப் பற்றி நான் பேச முடியாது, நேரில் வாருங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். இதற்கெல்லாம் படித்தேனே! வாயடைத்து நின்றேன். மூன்று விநாடி இருக்குமா?

"சரி, புரிஞ்சுது. ரொம்ப நன்றிங்க" என்று வைத்துவிட்டார்.

நன்றி சொன்னார்.

அதன் பிறகு பட்டியலில் இன்னும் பதினான்கு நம்பர்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் போன் செய்தேன்.

ஜூலை 28

அவளைத் தேடிப் போய் நின்றேன். தண்ணீர்க் குழாயடியில் இருந்தாள். அப்பாதான் இப்போது கொண்டுவந்து விடுகிறார், சாயங்காலம் கேட்டில் காத்திருக்கிறார்.

"நீங்க சொன்னீங்களா மிஸ்?"

"சொல்லலை. ஆனா போன் பண்ணது நான்தான். உன் நம்பர்னு எனக்குத் தெரியலை."

பாட்டிலை மூடினாள். "யார் பண்ணாங்கன்னு வீட்ல கேட்டேன். கவுன்சலர்னாங்க. நான் நம்பல."

அவ்வளவுதான் பேசினாள். திட்டியிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 12

நிர்வாகக் குழு. எனக்கு நான்கு நிமிடம். பிள்ளைகள் ஏன் வராமல் போகிறார்கள், ஒரு பிள்ளை வாய் திறக்க எத்தனை வாரம் ஆகிறது, அதற்கு யாரும் கைவைக்காத இரண்டு பீரியட் ஏன் வேண்டும் — நான்கு பக்கம் எழுதிப் போயிருந்தேன். இரண்டாம் பக்கத்திலேயே தாளாளர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. நீங்க போன் பண்ண ஆரம்பிச்சதுலேர்ந்து வராத பிள்ளைங்க பாதியாயிட்டாங்க. இதுதான் கவுன்சலிங்."

எல்லோரும் தலையாட்டினார்கள். பணியிடம் நிரந்தரம். "வேற ஏதாவது கேக்கணுமா?"

கடைசிப் பக்கத்தில் ஒன்று இருந்தது. தாளை மடித்தேன். "இல்லைங்க சார்."

அம்மாவுக்குச் சந்தோஷத்தில் அழுகை. அண்ணன் என் தலையில் தட்டி, "இனிமே நிரந்தரமாப் பேசு" என்றான்.

ஆகஸ்ட் 20

இன்றும் அறைக்கு யாரும் வரவில்லை. நான்காவது வாரம்.

ஆகஸ்ட் 27

பென்சிலின் அப்பா வந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார். எந்தப் பள்ளி என்று கிளார்க்கிடம் கேட்டேன். சொல்லவில்லையாம். அவள் அலுவலக வாசலில் பையோடு நின்றாள். என் அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். சுற்றிக்கொண்டு போனாள்.

இனி எந்த நாள் பட்டியலிலும் பதினொன்று ஆ முப்பத்தெட்டு வராது. வராதவர் எண்ணிக்கையில் மாதத்துக்கு ஒன்று குறையும். தாளாளருக்குப் பிடிக்கும்.

ஆகஸ்ட் 29

காலை பத்து மணிக்கு ஒரு கடிதத்தை நானே போய்க் கொடுத்தேன். தலைமையாசிரியை பிரிக்காமல் மேசையில் வைத்து, "லீவ் லெட்டராம்மா?" என்றார். "இல்ல மேடம். படிங்க. நிக்கறேன்" என்றேன். நின்றேன். எழுதிக் கொடுத்தது இதுதான்:

நிர்வாகக் குழுவில் கேட்காமல் விட்டதை இப்போது கேட்கிறேன். வராதவர் வீடுகளுக்குப் போன் செய்யும் வேலையை அலுவலகத்துக்கே திருப்பிக் கொடுங்கள். ஒரு பிள்ளை நம்பிச் சொல்வதைக் கேட்டுக்கொள்ளும் ஆளும், அதன் வீட்டுக்குத் தகவல் சொல்லும் ஆளும் ஒருவராக இருக்க முடியாது. இதனால் என் பணியிடம் போகுமென்றால் போகட்டும். முடிவு தெரியும் வரையில், என் அறைக் கதவில் "இங்கே சொல்வது வெளியே போகாது" என்று எழுதியிருக்கும் வரியை அழித்துவிட அனுமதி தர வேண்டும்.