மும்தாஜுக்கு, அந்த ஒரு பேப்பர் விஷயமாக

அன்பு மும்தாஜ்,

உனக்குக் கடிதம் என்றாலே 'நலம், நலமறிய ஆவல்' என்று போட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன். இப்போது அதை எழுதக் கை வரவில்லை. நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. நான் நலம் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். சும்மா வார்த்தைக்குச் சொல்லவில்லை, எத்தனையோ வருடம் கழித்துப் பயமில்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னைத் திட்டவும் வேண்டியிருக்கிறது, அதைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் தாவரவியல் வகுப்பின் முப்பதாவது வருடக் கூடுகை தஞ்சாவூரில் நடந்தது. ஏற்பாடெல்லாம் கல்யாணி. வகுப்பு லீடராக இருந்தபோது எப்படி அதட்டுவாளோ, பேங்க் மேனேஜர் ஆன பிறகும் வாட்ஸ்அப் குழுவில் அப்படியேதான் அதட்டுகிறாள். காலையில் கல்லூரியில் கூட்டம், சாப்பாடு, பிறகு வேன் பிடித்துக் கல்லணை. வீட்டுக்காரர்களையும் அழைத்து வரலாம் என்று போட்டிருந்தாள். அதைப் படித்ததும் நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஏனென்று உனக்குத் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கடிதத்தைக் கூடுகை மலரில் போடப் போவதாகக் கல்யாணி சொல்கிறாள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே மற்றவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்.

பரீட்சை சித்திரையில் முடிந்தது. என் கல்யாணம் வைகாசியில். ரிசல்ட் ஆனியில். இரண்டாம் வருடத்தில் விட்ட துணைப்பாடமான அலைடு கெமிஸ்ட்ரியையும் அந்தப் பரீட்சையில் மறுபடி எழுதியிருந்தேன். ஆனால் பத்திரிகை அடிக்கும்போதே அப்பா அச்சகத்தில் உட்கார்ந்து, என் பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி. போடச் சொல்லிவிட்டார். "மூணு வருஷம் படிச்சிருக்கா, போடாம எப்படி?" என்றார். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது, நம் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். பட்டம் போடாத பத்திரிகை மொட்டையாக இருக்கிறது என்பார்கள். எங்கள் ஊர் குத்தாலத்திலிருந்து மாப்பிள்ளை ஊர் திருக்காட்டுப்பள்ளி வரை, நான் இன்னும் வாங்காத பட்டம் வீடு வீடாகப் போனது.

ரிசல்ட் வந்த அன்று நீ கூத்தாநல்லூரிலிருந்து தஞ்சாவூர் வந்து, கல்லூரிப் பலகையில் எல்லார் நம்பரையும் பார்த்துவிட்டு, மைசூர்பாகு டப்பாவோடு என் மாமியார் வீட்டுக்கு வந்தாய். நீ செருப்பைக் கழற்றுவதற்குள் என் வீட்டுக்காரர் "பாஸா?" என்று கேட்டார். நீ ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தாய். "பாஸ் அண்ணே" என்றாய். பிறகு கொல்லையில் கிணற்றடிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாய்.

"கெமிஸ்ட்ரி போயிடுச்சுடி. நாலே மார்க்கு. அக்டோபர்ல எழுதிக்கலாம். சத்தியமா நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

அதற்குள் அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு, நாற்றங்காலில் நின்ற ஆட்களுக்குக் கொடுக்கக் கிளம்பிவிட்டார்.

அக்டோபரில் எனக்கு நாலு மாதம், பஸ் வாடை பட்டாலே குமட்டும். அடுத்த சித்திரையில் கைக்குழந்தை. அப்புறம் அது அப்படியே போய்விட்டது. பத்தாவதோடு நின்ற மனிதர் அவர். உரக்கடையில், வேளாண் ஆபீசில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் என்று போகிற இடமெல்லாம் "எங்க வீட்டம்மா பி.எஸ்ஸி. தாவரவியல்" என்று சொல்லிவிட்டு வருவார். பயிரில் இலை பழுத்தால் வரப்பில் நின்றே கூப்பிடுவார், "வந்து பாத்துச் சொல்லு வசந்தா". நானும் போய்ப் பார்த்துச் சொல்வேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வது?

முன்பு இரண்டு தடவை கூடுகை நடந்தபோதும் நீ போன் போட்டாய். ஒரு தடவை ஆத்தில் தண்ணி வந்துடுச்சு, நாத்து விடணும் என்றேன். மறு தடவை அறுப்பு என்றேன். "உன் வயல்ல மட்டும் வருஷம் பூரா அறுப்பா?" என்று சிரித்தாய், வற்புறுத்தவில்லை. அந்த இரண்டாவது கூடுகை முடிந்து எட்டாவது மாதம் நீ படுத்துவிட்டாய். உன்னோடு இருந்திருக்க வேண்டிய இரண்டு முழு நாட்களை இந்த ஒரு பேப்பருக்குப் பயந்து விட்டுவிட்டேன். அதை நினைத்தால் இன்னும் அழுகை வருகிறது.

இந்த முறையும் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். ஆனால் கல்யாணி, முன்னாள் மாணவியர் சங்கத்தைப் பதிவு செய்யப் போகிறோம், எல்லாரும் பட்டச் சான்றிதழ் நகல் கொண்டு வாருங்கள் என்று செய்தி போட்ட நேரத்தில் போன் அவர் கையில் இருந்தது. உடனே போய் பீரோவைத் திறந்தார். காகித விஷயத்தில் அவர் எப்படி என்று உனக்குத் தெரியுமே. பட்டா ஒரு உறை, சிட்டா ஒரு உறை, பத்திரம் ஒரு உறை. எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினார்.

"உன் சர்டிபிகேட்ட எங்க வச்ச?"

"அம்மா வீட்ல இருக்கும்."

"நாளைக்கே குத்தாலம் போயி எடுத்தாந்துடறேன்."

"இல்லங்க, வெள்ளத்துல நனைஞ்சு போச்சுன்னு தம்பி சொன்னான்."

"அதனால என்ன? காலேஜுக்குத்தான போறோம். டூப்ளிகேட்டுக்கு எழுதிக் குடுத்துட்டு வந்துடுவோம்."

ஒரு பொய்க்கு இன்னொரு பொய் முட்டுக் கொடுக்கிறது என்று நினைத்தேன். அதுதான் என்னை நேராகக் கல்லூரி வாசலில் கொண்டு போய் நிறுத்தியது.

கூடுகை அன்று அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். உள்ளே நுழைந்ததும் பெயர் எழுதும் மேசைக்குப் போனார். கல்யாணி உட்கார்ந்திருந்தாள். "ஏம்மா, வசந்தா சர்டிபிகேட்டு வெள்ளத்துல நனைஞ்சு போச்சு. டூப்ளிகேட்டுக்கு யாரப் பாக்கணும்?" என்று கேட்டார். மண்டபத்தில் பாதிப் பேர் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அதெல்லாம் ஒண்ணும் வேணாம்ணே. வசந்தா பேரை நான் அப்பவே சேத்துட்டேன்."

"நகல் வேணும்னு போட்டிருந்தீங்களே?"

"என்னுதக் கரையான் தின்னுடுச்சுண்ணே, நான்கூடத்தான் குடுக்கல" என்றாள் பக்கத்தில் நின்ற சாந்தி. பின்னாலிருந்து இன்னொரு குரல், "ஞாயித்துக்கெழம ஆபீஸ் பூட்டியிருக்கும்ணே, நீங்க வாங்க, காபி ஆறுது" என்றது. அவரைக் கிட்டத்தட்டத் தள்ளிக்கொண்டு போய்க் காபி முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். அவரும் "அப்படிங்களா, அப்படிங்களா" என்று தலையாட்டிக்கொண்டே போனார்.

நான் கல்யாணியைத் தாவரவியல் லேப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"மும்தாஜ்தான். ரிசல்ட் வந்த வாரமே லெட்டர் போட்டா. வசந்தா ஒரு பேப்பர்ல போயிட்டா, அவ வீட்டுக்கு யாரும் வாழ்த்து எழுதிடாதீங்க, பாக்கறப்ப பட்டமளிப்பு விழாவப் பத்திப் பேச்செடுத்துடாதீங்கன்னு."

"உனக்கு மட்டுமா?"

"முப்பத்தி நாலு பேருக்கும். பதில் போடாதவங்களுக்கு ரெண்டாவது லெட்டரும் போனுச்சு."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, மும்தாஜ். கிணற்றடியில் என் கையைப் பிடித்துச் சத்தியம் செய்துவிட்டு, கூத்தாநல்லூர் போய் முப்பத்து நாலு கடிதம் எழுதினாயா? முப்பது வருடம் ஒருத்தி கூட வாய் திறக்கவில்லையே, அவர்களை எப்படிக் கட்டிப்போட்டாய்? எல்லாருக்கும் தெரியும் என்பதை ஏன் என்னிடம் மட்டும் சொல்லவில்லை? தெரிந்திருந்தால் முதல் கூடுகைக்கே தைரியமாக வந்திருப்பேன். இல்லை, வெட்கத்தில் உன் முகத்தில் கூட விழித்திருக்க மாட்டேனோ? நீ அதைத்தான் யோசித்தாயா?

ஆனால் அன்று சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. பயம் போய்விட்டது, அது வேறு. பந்தியில் எதிரே உட்கார்ந்து அவர் எல்லார் பேச்சுக்கும் சிரித்துச் சிரித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்த மண்டபத்தில் விஷயம் தெரியாத ஒரே ஆள் அவர்தான். வெளியில் எவனும் அவரை ஏமாற்றியது கிடையாது. நான்தான் அவரை இத்தனை பேர் நடுவில் அப்படி உட்கார வைத்திருக்கிறேன். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

கல்லணையில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. மற்றவர்கள் போட்டோ எடுக்கப் போனார்கள். அவர் மதகின் மேல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "வெண்ணாத்துல நல்லா வுட்டிருக்கான்" என்றார்.

"ஏங்க, சர்டிபிகேட்டு நனையல" என்றேன். "நான் பாஸே ஆவல. கெமிஸ்ட்ரி போயிடுச்சு. அன்னிக்கே எனக்குத் தெரியும்."

அவர் திரும்பவில்லை. தண்ணீரைப் பார்த்தபடியே, "இவங்களுக்கெல்லாம் தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"அப்ப எனக்குத்தான் தெரியல."

குரலில் கோபம் இருந்தது. இருக்க வேண்டியதுதான்.

"முப்பது வருஷமா எனக்குப் பயந்துகிட்டா இருந்த?"

"உங்களுக்கு இல்லங்க. அவ்வளவு சந்தோஷமா எல்லார்கிட்டயும் சொல்வீங்க. அந்த மொகம் வாடுறதப் பாக்கத்தான் பயம்."

அவர் கடைப் பக்கம் போனார். திரும்பி வரும்போது கையில் வறுத்த மீன் இரண்டு தட்டு. ஒன்றை என்னிடம் நீட்டினார். "உன்ன வயலப் பாக்கச் சொன்னது படிப்புக்காக இல்ல. நீ சொன்னா சரியா இருக்கும். அதான்" என்றார். மீனைப் பாதி தின்ற பிறகு, "ஆனா சொல்லியிருக்கணும்" என்றார். சொல்லியிருக்கணும்தான் என்றேன். வேனில் என் பக்கத்தில் உட்காராமல் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். திருக்காட்டுப்பள்ளியில் இறங்கும்போது வழக்கம்போல என் பையை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் நான் கண் விழித்தபோது வெயில் வந்துவிட்டது. என் வீட்டில் நான் அவ்வளவு நேரம் தூங்கியதே கிடையாது. அவரே டீ போட்டுக் குடித்துவிட்டு வயலுக்குப் போயிருந்தார். இரண்டு நாள் பேச்சு குறைவாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் வரப்பிலிருந்து, "வசந்தா, இந்த நெல்லுத் தோகையக் கொஞ்சம் வந்து பாரு" என்று குரல் வந்தது. ஓடினேன் மும்தாஜ், இந்த முட்டியை வைத்துக்கொண்டு.

உன் மகள் ரிஸ்வானாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்குக்கூடத் தெரியும் பெரியம்மா, அம்மா சொல்லியிருக்காங்க" என்கிறாள். நல்ல சத்தியம் செய்தாய் நீ. உன்னைத் திட்டத்தான் வேண்டும், ஆனால் திட்டினால் எனக்கே சிரிப்பு வந்துவிடுகிறது.

இப்போது கல்யாணி ஒரு புதுச் சேதி அனுப்பியிருக்கிறாள். பழைய பேப்பர் பாக்கி வைத்திருப்பவர்களுக்குப் பல்கலைக்கழகம் எப்போதாவது சிறப்பு வாய்ப்புத் தருமாம், அறிவித்தால் சொல்கிறேன் என்கிறாள். அவர் அதைப் படித்துவிட்டு, "எழுதறியா?" என்றார். இந்த வயசிலா என்றேன். "கேட்டேன், அவ்வளவுதான். எழுதலன்னாலும் ஒண்ணும் கொறஞ்சு போயிடல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

எழுதுவேனா என்று இன்னும் தெரியவில்லை. எழுதினால் தேறுவேனா என்பது அதைவிடச் சந்தேகம், அந்தச் சமன்பாடுகள் அப்போதே என் தலையில் நின்றதில்லை. ஒன்றுக்கு மட்டும் உன்னிடம் வாக்குக் கொடுக்கிறேன். ரிசல்ட் வரும் அன்று, அது எதுவாக இருந்தாலும், அவர் கேட்பதற்குள் நானே என் வாயால் அவரிடம் சொல்லிவிடுவேன்.

உன் பிள்ளைகளுக்குப் பெரியம்மாவாகிய,
வசந்தா
திருக்காட்டுப்பள்ளி